சாம்பியன் கோட்டு

கோல்ஃப் கிளப் செயலாளர், போனில் பேசும்போதுகூட டையைச் சரிசெய்துகொள்கிறவர்.

“நாளைக்குப் பரிசளிப்பு விழாம்மா. போன வருஷ சாம்பியன் தன் கோட்டைக் கழற்றிப் புது சாம்பியனுக்கு மாட்டிவிடணும். உங்க வீட்டுக்காரரைக் கோட்டோட வரச் சொல்லுங்க.”

“அவர் இனிமே அதைக் கழற்ற மாட்டாருங்க.”

“என்னம்மா இது, அவர் வீட்டுச் சொத்தா? கிளப்போட மரபும்மா. சாம்பியன் தானா மாட்டிக்கக்கூடக் கூடாது, அடுத்தவங்கதான் மாட்டிவிடணும். தெரியுமில்ல?”

“தெரியுங்க. காலையில நானும் என் மகளும்தான் மாட்டிவிட்டோம். கை மடங்கலை. முதுகுப் பக்கம் கிழிச்சுத்தான் போட முடிஞ்சுது.”

செயலாளரின் கை டையிலேயே நின்றுவிட்டது.

“கடைசியா அந்தக் கோட்டைத்தான் கேட்டாரு. சாயங்காலம் எடுக்கிறோம். வந்து முகம் பார்த்துட்டுப் போங்க.”