ஆறு சதவீதம்

தொழில்நுட்பத் தளம் ஒன்றில் பதினொரு வருடமாகப் பரபரப்புத் தலைப்பு எழுதும் கதிரொளி யாரிடம் பேசினாலும், பேசுபவரை எடைபோடும் செயலி அவர்கள் போனில் அவனுக்கு ‘நம்பகம் 6%’ என்று காட்டும். வீட்டில் சார்ஜில் இருக்கும் ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்று அதைச் செய்த நிறுவனமே அறிவித்ததும் மனைவியை அழைத்தான்.

“மங்கை, சார்ஜரைப் பிடுங்கு!”

“போன வாரம் ஃப்ரிட்ஜ் வெடிக்கும்னீங்க. வேலையப் பாருங்க.” வைத்துவிட்டாள்.

கீழ்வீட்டுத் தையல்காரி இருதயமேரிக்கு நம்பகம் தொண்ணூற்றேழு சதவீதம். அவளைப் போனில் கெஞ்சி மாடிக்கு அனுப்பினான்.

மாலையில் அவன் வந்தபோது, உப்பிப்போன பேட்டரி பால்கனியில் கிடந்தது.

“மேரியக்கா சொல்லலைன்னா வீடே எரிஞ்சிருக்கும்,” என்றாள் மங்கை.

“அவங்களை அனுப்பினதே நான்தான்டி.”

மங்கை போனைப் பார்த்தாள்.

“அதையும் அக்காவே வந்து சொல்லட்டும்.”