ஒட்டு சார் போட்ட வரி

"யாரு இதுல கையை வெச்சது?"

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. இருந்தும் வாய்விட்டே கேட்டாள்.

மெயின் கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அது பாதியில் நின்று, 'ரிப்போர்ட் அனுப்பும் ஃபைலை யாரோ மாற்றியிருக்கிறார்கள். பழையதே இருக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா?' என்று கேட்டது.

யாரோ என்ன யாரோ! ஒட்டு சார்தான். இவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். தொட்டதிலெல்லாம் சொந்தமாக ஒரு ஒட்டுப் போட்டுவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் எதிர்க் கட்டடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு வரிதான் கூடுதல். சில ரிப்போர்ட்டுகளை நோயாளியின் போனுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்லும் வரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவரின் கழுத்துக் கட்டியில் சதை எடுத்து இதே லேபுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் முந்தாநாளே வந்திருக்க வேண்டும். சோறு இறங்கவில்லை. அவர் போன் சிணுங்கினாலே ஓடிப்போய்ப் பார்த்தாள். நினைத்தால் அவளே திறந்து பார்த்துவிடலாம். பார்த்தது தெரிந்தால் வேலை போய்விடும். லேபில் விசாரிக்கலாம் என்றால், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கணவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

கடைசியில் எல்லாம் இந்த மனுஷர் செய்த வேலை!

லேப்காரர் கதவைத் தட்டினார். "மேடம், வெளியில ஒரே கூட்டம். சிஸ்டம் எப்ப வரும்?"

"இதோ, வந்துடும்."

'புதியது' என்பதில் விரலை வைத்தாள். அழுத்தினால் போதும், நிறுத்தி வைத்ததெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் மனசு ஆறாது. போனைப் போட்டாள்.

"சார், ரிப்போர்ட் ஃபைல்ல யாரைக் கேட்டு ஒரு வரி சேர்த்தீங்க?"

"ஐயோ, அதை மட்டும் எடுத்துடாதேம்மா!"

"ஏன் சார்? அவனவன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கான். ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்க நாம யாரு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி ரிப்போர்ட் நேரா போனுக்குத்தாம்மா வந்துச்சு. பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் படிச்சா. கையைப் பிடிச்சுக்கக்கூடப் பக்கத்துல ஆள் இல்லை. அப்புறம்தான் பெரிய டாக்டர்கிட்ட கேட்டு அந்த வரியைப் போட்டேன். நல்ல ரிப்போர்ட்டெல்லாம் உடனே போயிடும்மா. மோசமானதை மட்டும்தான் அது நிறுத்தும். டாக்டர் கூப்பிட்டு, பக்கத்துல உட்கார வெச்சுச் சொல்லணும்னு."

அவள் விரல் தானாக விலகியது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? ஹலோ?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"உங்க வீட்டு ரிப்போர்ட் ஏதாவது வரணுமாம்மா?"

"அவரோடது சார்... முந்தாநாளே வரணும்."

திரை இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பழையதே இருக்கட்டும்' என்பதை அழுத்தினாள்.

போனில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"போனை வெச்சிடாதேம்மா. அப்படியே உட்காரு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."