முன்வீட்டுப் பகை

செபநாயகம் சிறையிலிருந்து வீடு திரும்பியபோது, குருநகரில் அந்த ஒழுங்கைச் சனமெல்லாம் வாசலுக்கு வந்து நின்றது. முன்வீட்டு ஜெறோம் மட்டும் யன்னலைப் படாரென்று சாத்தினார்.

"வயசான மனுசன் அப்பா. ஒருக்காப் போய்ப் பாத்தால் என்ன?" என்றாள் மகள் லவீனா.

"உவனையோ? சண்டை நேரம் ஆமிக்காரரோடை ஒரே மேசையிலை இருந்து மாநகரசபை நடத்தினவன். என்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போகேக்கை வாய் திறந்தவனோ?"

"பிறகு திறந்தவர்தானே? பதவியை எறிஞ்சுபோட்டு, பிடிச்ச பிள்ளையள் எங்கையெண்டு அரசாங்கத்தைக் கேட்டவர். அதுக்குத்தானே உள்ளை போட்டவங்கள்?"

"பிந்திப் போச்சு."

ஜெறோம் அவரோடு கதைத்து எத்தனையோ வருடங்கள். கோயிலிலும் தள்ளிப்போய் வேறு வாங்கில்தான் உட்காருவார். வழியில் கண்டால், "ஜெறோம், சுகமோ?" என்று செபநாயகம் கேட்பார். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சிறைக்குப் போய் வந்தும் செபநாயகம் அடங்கவில்லை. கூட்டம் கூட்டக்கூடாது என்றுதான் பிணை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் பின்னேரங்களில் அவர் வீட்டுக்கு வந்தார்கள். பிடிபட்டால் மறுபடியும் சிறைதான்.

ஒரு பின்னேரம், சிவில் உடுப்பில் இரண்டு பேர் ஜெறோமின் வாசலுக்கு வந்தார்கள்.

"ஐயா, உங்களுக்கும் முன்வீட்டுக்காரருக்கும் ஆகாதாம். அதுதான் உங்களிட்டை வந்தனாங்கள். அங்கை ஆர் வந்து போகினம்?"

லவீனா வாசலுக்கு ஓடி வந்தாள். தாய்மார் இப்போதுதான் முன்வீட்டுக்குள்ளே போயிருந்தார்கள். அப்பாவும் கண்டவர்.

ஜெறோம் முற்றத்தில் காறித் துப்பினார்.

"உவனிட்டை ஆர் வரப்போகினம்? ஒரு நாய்கூட அந்தப் படலைக்குள்ளை போகாது. ஆரும் வந்தால் முதல் ஆளா நானே உங்களுக்குச் சொல்லமாட்டனோ?"

வந்தவர்களுக்குத் திருப்தி. சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள்.

அவர்கள் சந்தி திரும்பும்வரை ஜெறோம் அசையவில்லை. பிறகு சாறத்தை மடித்துக் கட்டினார். லவீனா கேட்க வாயெடுக்குமுன், ஒழுங்கையைக் கடந்து முன்வீட்டுக்குள் ஓடினார்.

"செபநாயகம் அண்ணை! அம்மாமாரைப் பின்பக்கத்தாலை எங்கடை கடற்கரைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அங்கை இருந்து கதையுங்கோ, நான் வாசலிலை காவல் நிக்கிறன்."