பிரேக் டிரம்மில் கருமணல்

கிரீ…ச்.

பிரேக் போட்ட அந்தச் சத்தத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலிருந்த காக்கைகள் கூட எழும்பிப் பறந்தன.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய பார்த்தசாரதி பல்லைக் கடித்தான். மோட்டார் சைக்கிளை ஷெட்டில் தள்ளிவிட்டு மோல்டிங் பகுதிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

நினைத்தது சரிதான். எல்லோரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் கன்னியப்பன் அச்சுப் பெட்டிக்குள் கருமணலைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில், தலைக்கு வைத்துப் படுத்த துண்டின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"வா சார். முனை திரும்பசொல்லவே கேட்டுது. துன்னாச்சா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த வார்ப்படக் கம்பெனிக்குப் பார்த்தசாரதி சூப்பர்வைசராக வந்து சேர்ந்ததிலிருந்து இதே கதை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் கங்காதரன் பட்டென்று சொல்லியிருந்தார்: மதியம் தூங்குகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டு, முதலாளியிடம் நானே பேசி நிரந்தரமாக்குகிறேன்.

எஸ்டேட்டுக்கே கேட்கும் பிரேக்கை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது?

கள்ளிக்குப்பத்தில் மெக்கானிக் தேவராஜ் பின்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் ஷூ, தேய்ந்த செருப்பு மாதிரி பளபளவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். டிரம்மிலிருந்த தூசியை ஊதித் துடைத்தான். காய்ந்து கிடந்த இடத்தில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்தான்.

மறுநாள் மதியம் வண்டி பூனை போல வந்து நின்றது.

மோல்டிங் பகுதி முழுவதும் வரிசையாகப் படுத்திருந்தது. முதல் வரிசையில் கன்னியப்பன். கண்ணைத் திறந்தவர், அவனைப் பார்த்து மனம் நொந்துபோனார்.

"இன்னா சார் இது, திருடன் மாரி வந்துகினு. ஒரு சத்தம் குட்த்துட்டு வர்றதுதானே மரியாதி?"

பார்த்தசாரதி நற்செய்தியோடு மாடிப்படி ஏறினான்.

மேனேஜர் அறைக் கதவை அவனுக்கு முன்பே ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். முதலாளி. அவர் கார் தினமும் அவன் வண்டிக்குப் பின்னாலேயேதான் வந்து நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கங்காதரனின் கன்னத்தில் ஃபைல் கயிற்றின் தடம், முடிச்சு உட்பட, சிவப்பாகப் பதிந்திருந்தது.

பாவம், சாப்பிடக்கூடப் போகாமல் ஃபைலிலேயே முகம் புதைத்து உழைக்கிறார் மனுஷன் என்று பார்த்தசாரதிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. முதலாளி மட்டும் ஏனோ அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தசாரதி விஷயத்தைச் சொன்னான். கங்காதரன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"எதுல வந்தே நீ?"

"வண்டியிலதான் சார்."

அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு நாள் பிடித்தது போதாது, தொடர்ந்து பிடித்துக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்.

தொடர்ந்து பிடிக்க முடியவில்லை. மறுநாளே பிரேக் பழையபடி அலறியது. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

தேவராஜ் மறுபடி சக்கரத்தைக் கழற்றினான். டிரம்முக்குள் விரலை விட்டுத் துழாவி, வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினான். கன்னங்கரேலென்று மணல்.

"ரோட்டு தூசி இல்ல சார் இது. உங்க கம்பெனி மண்ணு. இன்னா சார், டிரம்முக்குள்ள வார்ப்பு வேலை எதுனா நடக்குதா?"

ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக டிரம்மின் பின்தட்டில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை அடைத்திருந்த ரப்பர் மூடியைக் காணோம். யாரோ வேண்டுமென்றே பிடுங்கி, அதன் வழியாக மணலைக் கொட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? கன்னியப்பன்.

பார்த்தசாரதிக்கு ரத்தம் கொதித்தது. தூங்கினால் எச்சரிக்கைதான் கிடைக்கும். சூப்பர்வைசர் வண்டியில் மணல் போட்டால் சீட்டே கிழிந்துவிடும். அவரைப் பிடித்துவிட்டால் தன் வேலை நிரந்தரம்.

பிரேக்கைச் சுத்தம் செய்து, புது மூடி போட்டு, மறுநாள் காலையில் சத்தமில்லாமல் வந்து வண்டியை ஷெட்டில் நிறுத்தினான். ஆளைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளுக்குப் பின்னால் குந்தினான். கொசுக்கள் அவனை மொய்த்தன. ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

கடைசியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஒரு உருவம் வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது. ரப்பர் மூடி 'டப்' என்று கழன்றது. சக்கரத்தின் இடுக்கு வழியே ஒரு கை மட்டும் தெரிந்தது. கையில் கடலைப் பொட்டலம் மாதிரி சுருட்டிய காகிதம். அதிலிருந்து கருமணல் சரசரவென்று ஓட்டைக்குள் இறங்கியது.

பார்த்தசாரதி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

"மாட்டினியா கன்னியப்பா!"

மணிக்கட்டு மெத்தென்று இருந்தது. அதில் தங்கப் பட்டை போட்ட கடிகாரம் மின்னியது.

கங்காதரன் கையை உதறவில்லை. பதறவும் இல்லை. மிச்சமிருந்த மணலையும் பொறுமையாக உள்ளே தட்டிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

"கீழே படுத்திருக்கிறவனை நீ வந்து எழுப்பிடறே, சரி. மாடியில படுத்திருக்கிறவனை யாருய்யா எழுப்பறது?"