ஒயில் வடியும் வரைக்கும்

“என்ட வண்டிக்குச் சாதாரண எஞ்சின் ஒயிலே காணும், போதும் தம்பி,” என்று கராஜில் மெக்கானிக்கிடம் சொன்னார் மிட்வைஃப் கேதீஸ்வரி மிஸ்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் இடுப்பில் உடுக்கிற சாரம் விற்கிறவன். காத்தான்குடியிலிருந்து பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கமெல்லாம் ஸ்கூட்டியில் பொதி கட்டித் திரிகிறவன். நல்லது ஒன்று தெரிந்துவிட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் என் வாய் சும்மா கிடக்காது.

“மிஸ், சிந்தெட்டிக் ஒயில் ஊத்திப் பாருங்க. என்ட வண்டிக்கு அதுதான். எஞ்சின் பூப்போல ஓடுது. அடிக்கடி மாத்தவும் தேவல்ல.”

“வேணாம் காக்கா,” என்று அண்ணன் முறை சொல்லி மறுத்தார். “ இதுவே காணும்.”

“விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா இரண்டு மடங்கு தூரம் ஓடலாம் மிஸ். கராஜுக்கு வாற அலைச்சல் பாதியாக் குறையுமே!”

அவர் சுவரோரம் கிடந்த நீட்டு மர வாங்கில் போய்க் குந்திவிட்டார். அரசாங்கச் சம்பளம் எடுத்தும் இவ்வளவு கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் ரதீஸாவது எடுத்துச் சொல்வான் என்று பார்த்தால், அவன் என்னை முறைக்கிறான்.

“மிஸ்ஸுட வண்டிக்குச் சாதாரணம்தான் சரி, மர்சூக் காக்கா. நீங்க சும்மா இரிங்க.”

அட பாவி! எனக்குச் சிந்தெட்டிக்கை ஊத்தச் சொல்லி மண்டையைக் கழுவினதே இவன்தான். என்னுடையதும் அதே ஸ்கூட்டி, அதே மொடல். இந்தப் பொம்பிளை அடிக்கடி வந்து போனால்தான் இவன்ட கல்லா நிரம்பும் போல. களவாணிப் பயல்!

ரதீஸ் எஞ்சினுக்குக் கீழே பழைய தாச்சிச் சட்டி ஒன்றை வைத்து நட்டைக் கழட்டினான். கறுப்பு ஒயில் இறங்கத் தொடங்கியது.

“காலைல பாலத்தில வரக்குள்ள கண் தானா மூடிட்டு தம்பி,” என்றார் மிஸ், அவனைப் பார்த்து. “பின்னால வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிச்ச சத்தத்திலதான் முழிச்சன். இல்லாட்டி வண்டியோட வாவிக்குள்ளதான்.”

நான் வாங்குப் பக்கம் திரும்பினேன். “யா அல்லாஹ்! ராவைக்கு நித்திரை இல்லையா மிஸ்?”

“மாமி, அதான் அவர்ட அம்மா, படுத்த படுக்கை. ராவு முழுக்கக் கூப்பிடுவா. விடிஞ்சா கிளினிக், வீடு வீடாப் போய்க் குழந்தைகளைப் பார்க்கோணும். பின்னேரம் பிள்ளைகளுட ரியூசன். எங்க காக்கா நித்திரை கொள்ற?”

யாருக்கோ நடந்த கதையைப் போலச் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தவர் கைப்பையைத் தலைக்கு வைத்து, அந்த வாங்கிலேயே சரிந்துவிட்டார்.

ரதீஸ் காற்றடிக்கிற மெசினை நிற்பாட்டினான். வெளியே பூவரச மரத்தடியில் போய்க் குந்தி, பிளேன்ரீ குடிக்கத் தொடங்கினான். நானும் பின்னாலேயே போய்க் குந்தினேன். இடையில் ஒருக்கா உள்ளே போனான், வண்டியடியில் என்னத்தையோ செய்தான், திரும்பவும் வந்து குந்திவிட்டான்.

“டேய், என்ட வண்டிக்குப் பிரேக் கேபிள் மாத்தல்லையா?”

“பொறுங்க காக்கா. மிஸ்ஸுட ஒயில் வடியட்டும்.”

“அது வடியும். நீ என்ட வேலையைப் பாரன்!”

“வடியட்டும் காக்கா.”

எனக்கும் முழங்கால் உளைச்சல். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. வயல் வட்டையால் வந்து சனம் சாப்பிட்டுச் சாயுறதுக்குள் போனால்தான் இரண்டு சாரமாவது விற்கும். டயர் ஒன்றுக்குக் காற்றடிக்க வந்தவரையும் ரதீஸ் கையைக் காட்டி வெளியிலேயே நிற்பாட்டி, பிறகு வரச் சொல்லி அனுப்பினான். இப்படியும் ஒரு சோம்பேறியா! வந்ததே எனக்குக் கோபம். நானே பார்க்கிறேன் என்று எழும்பி உள்ளே போனேன்.

மிஸ்ஸின் வண்டிக்குக் கீழே தாச்சி இல்லை. நட்டு இறுக்கிப் பூட்டியிருந்தது. புது ஒயில் போத்தல் வெறுமையாகப் பக்கத்தில் கிடந்தது.

“அடேய் ரதீஸ்! இது எப்பவோ முடிஞ்சிட்டு! என்னைப் பேயனாக்கிறியா நீ?”

அவன் ஓடி வந்தான். எனக்கு அடிக்க வாறான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வாங்கில் கிடந்த மிஸ்ஸின் போன் அடித்தது. அது இரண்டாம் தரம் அடிக்க முந்தி அவன் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டான். நானும் விடாமல் பின்னால் போனேன்.

“அண்ணன், நான் கராஜ் ரதீஸ் கதைக்கிறன். ஓம், மிஸ் இங்கதான். இல்லண்ணன், இன்னும் முடியல்ல. பழைய ஒயில் இறுகிப்போய்க் கிடக்கு, வடிய நேரம் செல்லும். வண்டி இல்லாம அவ எப்பிடி அண்ணன் வாற? ஓம் ஓம், நீங்களே அம்மாவுக்குச் சாப்பாட்டைக் குடுத்திருங்க.”

மிஸ்ஸின் புருசனோடு கதைத்து முடித்துப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“என்னடா, இப்பிடிப் பச்சைப் பொய் சொல்றாய்?”

“மெல்லக் கதைங்க காக்கா. இப்பதான் நல்லா அயர்ந்திரிக்கா.”

திரும்பிப் பார்த்தேன். நான் போட்ட சத்தத்துக்கும் அந்த மனிசி அசையவில்லை. வாய் இலேசாகத் திறந்திருந்தது.

“அப்ப இதுக்காகவா சிந்தெட்டிக் வேணாமெண்ட நீ?”

“அதை ஊத்தினா அவ இங்க வந்து கண்ணயர்றதும் பாதியாப் போயிரும். அவவும் எனக்கு ஒண்டும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.” ரதீஸ் குரலைத் தாழ்த்தினான். “தனக்கு ஏலாதெண்டா அவட வீட்டில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க காக்கா. வண்டிக்கு ஏலாதெண்டாத்தான் நம்புவாங்க.”