காணாமப் போன அஞ்சாவது கம்பி

"மூணு காலுதான்! எங் கண்ணால பாத்தேன். அங்க போனது நானா, நீயா?"

வேலாயி இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னா. பக்கத்துக் காம்பரா வீட்டு வீரசிங்கம் வாசப்படியில குந்திக்கிட்டு பிளேன்டிய உறிஞ்சினான். பூனாகலைப் பக்கம் தேயிலத் தோட்டத்துல, வரிசையா வீடுக ஒட்டிக் கெடக்குற அவங்க லயத்துல, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான். இந்த வீட்டுல தாளிச்சா அந்த வீட்டுல தும்முவாங்க.

"சிறுத்தைக்கு மூணு காலாம். அப்ப மானுக்கு எத்தனக்கா, ரெண்டா?"

"சிரி, நல்லாச் சிரி. கதிர்காமம் போயிட்டு வர்ற வழியில வேன்காரன் அந்த மிருகக்காட்சிச்சாலையில நிப்பாட்டாம இருந்திருந்தா, நிம்மதியா வந்திருப்பேன். சாமி கும்பிட்ட புண்ணியமெல்லாம் அங்கயே போச்சு. அப்புடி ஏசிட்டேன்."

ஏசுறதுன்னா வேலாயி ஏசுறதுதான். ஒருக்கா எலெக்சனுக்கு ஓட்டுக் கேட்டு வந்த மனுசன், இவ வாயத் தொறந்ததும் மைக்க அப்புடியே கீழ வச்சுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. அவரு விட்டுட்டுப் போன குடை இன்னமும் கோயில்லதான் கெடக்கு. அது வேற கதை.

"யானையச் சங்கிலியில கட்டி வச்சிருக்கானுங்க. வெள்ளக்காரி ஒருத்தி அது பக்கத்துல நின்னு பல்லக் காட்டிப் போட்டோ புடிக்கிறா. நம்ம சனம் மட்டும் சும்மாவா? கொரங்குக்கு பிஸ்கட்ட உறையோட வீசுது. எங்க சின்னம்மா மக கொழும்புல வேலைக்கு நின்ன வீட்டுலயும் இப்புடித்தான், ஒரு கிளி..."

"சிறுத்தைக்கு வாங்கக்கா."

"வர்றேன், அதுக்குள்ள என்ன அவசரம்? அந்தச் சிறுத்தையோட கூடு நம்ம காம்பரா அளவுதான் இருக்கும். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நொண்டுது. முன்னங்காலு ஒண்ணு முட்டியோட இல்ல. சனம் கம்பியத் தட்டித் தட்டி 'எந்திரி, எந்திரி'ன்னு கத்துது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காவக்காரனக் கூப்புட்டேன். 'காட்டுல திரியிற சீவன இப்புடி அடச்சு வச்சுப் பொழைக்கிறீங்களே, கால ஒடச்சு வச்சா ஓடாதுன்னு ஒடச்சீங்களா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சிங்களத்துல என்னமோ சொல்லிக்கிட்டு போர்டக் காட்டுறான். போர்டப் பாக்கவா நான் போனேன்? 'அதத் தொறந்து வுடு'ன்னேன். விதுஷாதான் மானம் போகுதும்மான்னு இழுத்துட்டு வந்துட்டா."

வீரசிங்கம் கண்ணச் சிமிட்டுனான். "சிறுத்தைக்கு இம்புட்டுப் பாவம் பாக்குறீங்க. எம் மேல மட்டும் வீணாப் பழியப் போட்டீங்களே."

"போடாம? எங் கம்பிய எடுத்தது நீதான!"

அந்தக் கம்பிக் கதையக் கேக்காத ஆளு லயத்துல இல்ல. வீட்டுக்குப் பின்னால வேலாயி கோவா, போஞ்சின்னு காய்கறி போட்டிருந்தா. காட்டுப்பன்னி வந்து அம்புட்டையும் கிண்டிப் போட்டுட்டுப் போயிருச்சு. அவ புருசன் பொன்னையா, ஓட்டோ கிளட்ச் வயர்ல சுருக்குப் பண்ணி, வேலியில அஞ்சு எடத்துல கட்டுனாரு. புள்ளைங்க காலு மாட்டிக்கக் கூடாதேன்னு வேலாயி பழைய தீவாளிச் சீலையக் கிழிச்சு, ஒவ்வொரு கம்பியிலயும் அடையாளத்துக்கு ஒரு துண்டு முடிஞ்சு வச்சா. பச்சையில மஞ்சப் புள்ளி. அதுக்கப்புறம் பன்னி வரல. ஆனா போன வருசம் அடமழையில ஒரு கம்பி மட்டும் முளக்குச்சியோட காணாமப் போச்சு.

"களவாண்டவன் காலு வெளங்காமப் போகட்டும்!" மூணு நாளா வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துனா. கண்ணு மட்டும் வீரசிங்கம் வீட்டுப் பக்கமே இருந்துச்சு.

"அதெல்லாம் கெடக்கட்டும்க்கா. போட்டோ இருந்தாக் காட்டுங்க, நம்புறேன்."

"அடியே விதுஷா, அந்தப் போனக் கொண்டாந்து இவன் மூஞ்சிக்கு நேராப் புடி!"

மக போனோட வந்தா. படத்துல முக்காவாசி வேலாயிதான். விரல நீட்டி யாரையோ ஏசிக்கிட்டு நிக்கிறா. அவ தோளுக்குப் பின்னால சிறுத்தை.

"எண்ணுடா, எண்ணு! எத்தன காலு?"

"மூணுதான்க்கா." வீரசிங்கம் படத்த ரெண்டு வெரலால விரிச்சுப் பெருசாக்குனான். "இந்தா, போர்டுல தமிழும் இருக்கே. வாசி புள்ள."

விதுஷா வாசிச்சா. "பூனாகலைப் பகுதியில், பன்றிக்கு வைத்த சுருக்கில் சிக்கிய சிறுத்தை. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு நான்கு நாட்கள் அலைந்தது. உயிரைக் காப்பாற்றக் கால் அகற்றப்பட்டது. இனிக் காட்டில் வேட்டையாடி வாழ முடியாது."

"எந்தப் பாவி வச்ச சுருக்கோ! அவனெல்லாம்..."

"அம்மா." விதுஷாவோட கொரலு எறங்கிருச்சு. "போர்டுக்குக் கீழ ஒரு கண்ணாடிப் பொட்டி. அந்தக் கம்பியையும் வச்சிருக்காங்க."

வேலாயி போன வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தா.

கம்பி. அதுல முடிஞ்ச ஒரு துணித்துண்டு. பச்சையில மஞ்சப் புள்ளி. நெறம் வெளுத்திருந்துச்சு. அவ போட்ட முடிச்சு மட்டும் அவிழல.

வீரசிங்கமும் எட்டிப் பாத்தான். கோப்பையக் கீழ வச்சான். இந்தத் தடவ சிரிக்கல.

"உங்க கம்பியக் களவாண்டது யாருன்னு தெரிஞ்சிருச்சுக்கா."

வேலாயி போன விதுஷா கையில குடுத்துட்டு வேலியப் பாத்தா. வேலிக்கு அங்கிட்டு, காட்டுப் பக்கம் பொழுது சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"ஏங்க!" அடுப்படியப் பாத்துக் கத்துனா வேலாயி. "இருட்டுறதுக்குள்ள ஓடிப் போயி, வேலியில இருக்க மிச்சம் நாலு கம்பியையும் அவுத்து உள்ள கொண்டாங்க!"