புளியறை தாண்டாத வண்டி

மூன்றாவது தடவையாகக் கிளம்பி வந்தும், கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டுக்கு நூறடி முன்னால் வண்டியை ஓரங்கட்டினார் என் வீட்டுக்காரர்.

"எதுக்க விறகு லாரி வருது வள்ளித்தாயி. சகுனம் சரியில்ல."

கேரளாவிலிருந்து வருகிற இந்த ரோட்டில் விறகு லாரி வராமல் வேறென்ன வரும், தேரா வரும்?

காலை ஆறு மணிக்குத் தென்காசியில் கிளம்பினோம். இப்போது மணி பதினொன்று. தூரம் என்னவோ பதினைந்து கிலோமீட்டர்தான்.

கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் வண்டி. நாலு நாள் வாடகைக்கு எடுத்தது. வர்க்கலா, கொல்லம், ஆலப்புழை என்று கடலோரமாகவே போய்வருவதாகப் பேச்சு.

முதல் தடவை இதே இடத்தில் பூனை குறுக்கே போயிற்று. வீட்டுக்குத் திரும்பி, ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினோம்.

இரண்டாம் தடவை செங்கோட்டையிலேயே வண்டியைக் குற்றாலத்துக்கு ஒடித்தார். நல்ல சாரல். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் தனியாகத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நடுங்கிக்கொண்டே வந்து ஏறி, ஒற்றைத் தும்மல் போட்டார். போட்டது அவரேதான். அதற்கும் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தோம்.

செங்கோட்டை டீக்கடை பேச்சிமுத்து எங்களை மறுபடியும் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள கடலப் பாத்துட்டு வந்தாச்சா அண்ணாச்சி?" என்று கத்தினான். மானம் போயிற்று.

இவர் முப்பத்துநாலு வருஷம் போலீஸில் இருந்து எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவர். டயருக்கு அடியில் நான் எலுமிச்சம்பழம் வைத்தால், எடுத்துப் பிழிந்து சர்பத் போட்டுக் குடிக்கிற ஆள். இவருக்கு எப்போதிலிருந்து பூனையும் தும்மலும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மகனும் மருமகள் உமாதேவியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எதிர்க் கடையில் புரோட்டா தின்னப் போகிறோம் என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

நான் மட்டும் இறங்கவில்லை.

கடல் பார்க்கிற ஆசை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? வர்க்கலாவில் என் மகள் ஆனந்தவள்ளி இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெஸ்வின் என்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனோடு போனவள். அவன் அங்கே ஒரு ஓட்டலில் சமையல்காரன். பிள்ளை பிறந்து இன்றைக்கு நாற்பத்தோராம் நாள்.

அவள் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது. இவருக்குத் தெரியாமல் நான் மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கடலைச் சாக்கிட்டு அந்த வாசல் வரை இவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு மனுஷன் என்ன செய்துவிடுவார்? அப்படி நினைத்துத்தான் இந்தப் பயணத்தையே கிளப்பினேன். வருகிறோம் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

மோப்பம் பிடித்துவிட்டாரோ?

லாரி கடந்து போயிற்று. அவர் மறுபடியும் ஸ்டியரிங்கை ஒடித்தார், தென்காசிப் பக்கமாக.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"ஆனந்தி வீட்டுக்குத்தான் போறோம். கடலுன்னு சொன்னதெல்லாம் பொய். என்னைய வெட்டிப் போட்டாலும் சரி, இன்னைக்கு நான் எம்பிள்ளையப் பாக்கணும்."

அவர் இஞ்சினை அணைத்தார்.

"தெரியும். போலீஸ்காரன் வீட்டுல ஒளிஞ்சு போன் பேசுதே, தெரியாதா? தெரிஞ்சுதான் வண்டிய எடுத்தேன்."

இது என்ன கூத்து!

"பின்ன எதுக்கு இந்தப் பூனையும் தும்மலும்?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்தாங்கல்லா. எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டேன்னு ஒங்கிட்ட சொன்னேன். அது பொய். அந்தப் பையன அடிச்சேன். பெல்ட்டக் கழத்தி அடிச்சேன். மாமா, மாமான்னு கும்பிட்டுக்கிட்டே நின்னான். அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன், சொல்லு."

"ஆனந்திக்குத் தெரியுமா?"

"முன்னாலதான் நின்னா."

மூன்று வருஷம், வாரம் ஒரு போன். 'அப்பா மாத்திரை போடுதாங்களா' என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா, பாவி மகள்?

இவரை வைவதா, அவளை நினைத்து அழுவதா? இவ்வளவு நேரம் போங்கள் போங்கள் என்று உயிரை எடுத்தவள், இப்போது எந்த மூஞ்சியோடு அந்த வாசலில் போய் இறங்குவது என்று திருதிருவென்று விழித்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று நானே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. ஆனந்தவள்ளி நம்பர். அவசரத்தில் எதையோ அமுக்க, ஸ்பீக்கரில் ஆண்குரல் கேட்டது. ஜெஸ்வின்.

"அத்தை, எங்கன வந்துட்டீங்க? நல்ல நண்டா வந்திருக்கு. மாமாவுக்கு ஒத்துக்குமா? இவகிட்ட கேட்டா, காலையிலேர்ந்து சும்மா அழுதுக்கிட்டே இருக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சாவியைத் திருகிவிட்டார். புரோட்டாக் கடையைப் பார்த்து ஹாரனை விடாமல் அடித்தார்.

"ஒத்துக்கும்னு சொல்லு" என்றார்.

கல்யாணமான புதிதில் எங்கள் அம்மா வீட்டில் ஒரே ஒரு துண்டு நண்டு தின்றுவிட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.